மைக்கில் லோகோ உண்டு, கையில் லெட்டர் இல்லை

வட சென்னையில் ஒரு உள்ளூர் கேபிள் சேனலில் செய்திக்குக் கேமரா பிடிக்கிறவன் நான். என் பெயரும் சேனல் பெயரும் இங்கே வேண்டாம். தண்டையார்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் இரண்டு பத்தி படித்ததுமே கண்டுபிடித்துவிடுவார்கள், பரவாயில்லை, அவர்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும். தெரியாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன், முக்கியமாக விஸ்காம் முடித்துவிட்டு "அண்ணா, உங்க சேனல்ல ஆள் எடுக்கறாங்களா" என்று இன்ஸ்டாகிராமில் வந்து கேட்கிற தம்பி தங்கைகளுக்காக.

எடுக்கிறார்கள். எப்போதும் எடுத்துக்கொண்டேதான் இருப்பார்கள், ஏனென்றால் எப்போதும் யாராவது போய்க்கொண்டே இருப்பார்கள்.

பெரிய செய்தி சேனல்களைப் பற்றி நான் பேச வரவில்லை. அங்கேயும் ஒரே நாளில் ஐம்பது பேரைக் கூப்பிட்டு ராஜினாமா எழுதி வாங்குகிற கதையெல்லாம் கேள்விப்படுகிறோம், அதை அங்கே இருப்பவர்கள் எழுதட்டும். நான் சொல்வது அதற்குக் கீழே உள்ள தட்டு. பகலெல்லாம் பாட்டு, நடுநடுவே காதணி விழா வாழ்த்து, திரைக்குக் கீழே ஓடுகிற பட்டியில் கண்ணீர் அஞ்சலி, ஆடி மாதம் என்றால் ஏதாவது ஒரு அம்மன் கோயில் கூழ் ஊற்றுவது நேரலை, ராத்திரி எட்டு மணிக்கு அரை மணி நேரம் ஏரியா செய்தி. இந்த அரை மணி நேரத்துக்காகத்தான் பதினாலு பேர் காலையிலிருந்து ஓடுகிறோம்.

ஸ்டூடியோ ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. முன்பு யாரோ குடும்பமாகக் குடியிருந்த வீடு. ஹால்தான் ஸ்டூடியோ, பெட்ரூமில் எடிட்டிங், சமையலறை கண்ட்ரோல் ரூம். சமையல் மேடை மேலேயே ஸ்விட்சரும் மானிட்டர்களும் வரிசையாக இருக்கும். பாத்திரம் கழுவுகிற தொட்டியை எடுக்கவில்லை, அதன் மேல் பிளைவுட் போட்டு யூபிஎஸ் வைத்திருக்கிறோம். அஞ்சறைப்பெட்டி வைத்திருந்த மாடத்தில் இப்போது ஹார்ட் டிஸ்க். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கிறோம், அதுவும் தெருப்பக்கச் சத்தத்துக்கு ஒன்றும் செய்யாது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற ஏரியா இது. செய்தி வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தன் ஹாரனில் கையை வைத்தான் என்றால் அவ்வளவுதான், அந்த வரியை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அதனால் எங்கள் செய்தி 'நேரலை' கிடையாது, ஆறு மணிக்கே ஆரம்பித்து லாரிக்கும் லாரிக்கும் நடுவில் துண்டு துண்டாகப் பதிவு செய்து ஒட்டுவது. ஏசி இருக்கிறது, சர்வருக்கு. ஸ்டூடியோவிலும் பழைய விண்டோ ஏசி ஒன்று உண்டு, அது ஓடினால் அந்தச் சத்தமும் மைக்கில் விழும் என்பதால் பதிவு நேரத்தில் அணைத்துவிடுவோம். அக்னி நட்சத்திரத்தில், ஜன்னலை அடைத்து, மூன்று லைட்டுக்கு முன்னால் பட்டுப் புடவையில் உட்கார்ந்து சிரித்த முகமாகச் செய்தி வாசிக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

அந்தப் புடவைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் செய்தி வாசிக்கிற தங்கச்சி பகலில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரு புல்லட்டினுக்கு 350 ரூபாய், வராத நாளுக்குக் கிடையாது. புடவை எம்.சி. ரோட்டில் ஒரு கடையிலிருந்து வரும், கடைசியில் 'உடை உதவி' என்று கடையின் பெயரைப் போடுவோம். ஆனால் புடவை அவருக்குச் சொந்தம் ஆகாது, மறுநாள் காலையில் கடைக்குத் திரும்பிப் போக வேண்டும். விலைச் சீட்டைக் கிழிக்கக் கூடாது, உள்பக்கமாக மடித்து ஊக்கு குத்திக்கொள்ள வேண்டும். கறை பட்டாலோ வேர்வை தெரிந்தாலோ அவர் கணக்கில் போய்விடும். பச்சை நிறம் அனுப்பாதீர்கள் என்று கடைக்காரரிடம் எத்தனை முறை சொன்னாலும் மாதத்தில் ஒரு பச்சை வந்துவிடும், பின்னால் இருப்பது கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு வேறு படம் வைக்கிற பச்சைத் துணி என்பதால் கட்டினால் உடம்பு காணாமல் போய் தலை மட்டும் மிதக்கும். அன்றைக்கு அவர் தன் சொந்தப் புடவையில் வாசிப்பார், 'உடை உதவி' மட்டும் வழக்கம்போல ஓடும். ஆபீசில் ஒரே கழிப்பறை, கீழே கடைப் பையன்களுக்கும் அதுதான், தாழ்ப்பாள் சரியாகப் போடாது. அவர் பள்ளிக்கூடத்திலேயே போய்விட்டு வருவதாகவும், சாயங்காலம் தண்ணீர் குடிப்பதில்லை என்றும் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். செய்தி வாசிக்கும்போது தொண்டை கட்டுகிறதே, தண்ணீர் குடிக்கக் கூடாதா என்று எடிட்டர் கேட்டதற்கு வந்த பதில் அது.

என் சம்பளம் 14,500. கையில் பணமாகக் கொடுப்பார்கள். தேதி பத்திலிருந்து இருபதுக்குள், சில மாதம் இரண்டு தவணை. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சரில் கையெழுத்துப் போட வேண்டும், அதில் 'பெட்ரோல் மற்றும் இதர செலவுகள்' என்று எழுதியிருக்கும். அதாவது ஆடிட்டர் கணக்குப்படி நான் வருஷக்கணக்காக இந்த சேனலுக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கிறேன். பிஎஃப் கிடையாது. இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடும் கிடையாது. மாதம் 21,000 வரை வாங்குகிறவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு, பத்துப் பேர் வேலை செய்கிற இடமாக இருந்தால் பிடித்தே ஆக வேண்டும். நாங்கள் பதினாலு பேரும் அந்த வரம்புக்குள் வருகிறோம். ஆனால் ஏட்டில் ஆறு பேர்தான். மீதி எட்டுப் பேர் பெட்ரோல்.

முதலாளி என்று யாரும் சொல்ல மாட்டோம், அண்ணன்தான். தொண்ணூறுகளில் மொட்டை மாடி மொட்டை மாடியாகத் தாவி ஒயர் இழுத்து, வீட்டுக்கு வீடு சந்தா வசூல் பண்ணி மேலே வந்தவர். கெட்டவர் என்று எழுதினால் என் கை கூசும். எங்கப்பா ஸ்டான்லியில் கிடந்தபோது நான் சொல்லாமலே வந்து நின்று, டாக்டரிடம் பேசி, போகும்போது என் சட்டைப் பையில் இருபதாயிரத்தைத் திணித்துவிட்டுப் போனார், இன்றுவரை திருப்பிக் கேட்டதில்லை. இதுதான் சிக்கலே. இப்படி ஒரு ஆளிடம் போய் "அண்ணே, சம்பளம் ஏத்திக் குடுங்க" என்று எப்படிக் கேட்பது? கேட்டால் "உனக்கு ஒண்ணுன்னா நான் இல்லியா தம்பி" என்பார். இருக்கிறார்தான். ஆனால் இஎஸ்ஐ இருந்திருந்தால் அன்றைக்கு அவர் வந்து திணிக்கவே வேண்டியிருந்திருக்காது, நானும் இத்தனை வருஷம் தலை குனிந்து வவுச்சரில் கையெழுத்துப் போட வேண்டியிருந்திருக்காது என்று எனக்குப் புரியவே ரொம்ப நாள் ஆயிற்று.

சம்பளம் போதாது என்று அண்ணனுக்கும் தெரியும். மீதிக்கு அவர் கணக்கில் மூன்று வழி இருக்கிறது. ஒன்று 'கவர்'. பிரஸ் மீட், கடைத் திறப்பு விழா, பள்ளி ஆண்டு விழா போனால் கொடுக்கிற உறை, இருநூறோ ஐந்நூறோ. இது சரியில்லை என்று எங்களுக்கும் தெரியும், வாங்காதவர்களும் இருக்கிறார்கள், ஆனால் ஆபீசிலேயே "இன்னைக்கு ரெண்டு ஓப்பனிங் இருக்கு, நீ போய்ட்டு வா" என்று பார்த்துப் பார்த்து அனுப்பும்போது அது எங்கள் சம்பளத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. இரண்டாவது விளம்பரம். தீபாவளி, பொங்கல், தலைவர்கள் பிறந்தநாள், ஒவ்வொன்றுக்கும் ரிப்போர்ட்டருக்கு இவ்வளவு என்று டார்கெட் உண்டு, பிடித்துக் கொடுத்தால் கமிஷன். குப்பை அள்ளவில்லை என்று திங்கட்கிழமை யார் வார்டைக் காட்டினோமோ அவரிடமே வியாழக்கிழமை பிறந்தநாள் வாழ்த்துக்கு நிற்க வேண்டும். ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் நடந்த 2017-இல் எங்கள் ஆபீசில் பிரியாணி வராத நாளே இல்லை. ஏப்ரலில் பணப் பட்டுவாடா என்று தேர்தலையே ரத்து செய்து டிசம்பரில் மறுபடி வைத்தார்கள், எங்களுக்கு ஒரே வருஷத்தில் இரண்டு தீபாவளி. ஆனால் ரத்தானதைப் பற்றி நாங்கள் போட்ட செய்தி ஒன்றரை நிமிஷத்தைத் தாண்டவில்லை.

மூன்றாவது கல்யாணம். கேமராமேன் எல்லோருக்கும் சோறு போடுவது அதுதான். ஒரு முகூர்த்தத்துக்குப் போனால் மூவாயிரம் கிடைக்கும், ஆபீசில் ஒரு வாரத்துக்கு நெருக்கமான பணம். அதனால் முகூர்த்த நாள் காலையில் எங்களில் பாதிப் பேருக்கு 'காய்ச்சல்'. எங்கள் செய்திகளை மட்டும் வைத்துப் பார்த்தால் வளர்பிறை முகூர்த்தத்தில் வட சென்னையில் குற்றமே நடக்காது.

அப்புறம் 'பிரஸ்' என்ற சொல். வண்டியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர். டிராஃபிக்கில் கை காட்டினால் விட்டுவிடுவார்கள், ஸ்டேஷனில் உட்காரச் சொல்வார்கள், பிள்ளைக்கு ஸ்கூல் சீட் கேட்டால் கரஸ்பாண்டென்ட் எழுந்து வருவார். "இந்த லோகோவோட மதிப்பு உனக்குத் தெரியல தம்பி, வெளில போனா தெரியும்" என்று அண்ணன் சொல்வது பொய் இல்லை. அந்த மதிப்பைச் சம்பளத்தில் கழித்துக்கொள்கிறார், அவ்வளவுதான். நாங்களும் கழிக்கவிட்டோம். வேலைக்காரன் என்று சொல்லிக்கொள்ள வெட்கம், பிரஸ் என்று சொல்லிக்கொள்ள ஆசை. என் பார்வையில் எங்கள் நிலைமைக்கு முதல் காரணம் இதுதான், அண்ணனின் கஞ்சத்தனம் அதற்கு அப்புறம்தான்.

இந்த மதிப்பு எங்கே வேலை செய்யாது என்பதை 2023 டிசம்பரில் பார்த்தேன்.

மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் அடித்துக்கொண்டு வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் சேர்ந்தது. மீனவர்கள் வெறுங்கையால், மக்கால், சாக்கால் அள்ளிக்கொண்டிருந்ததை நாடே பார்த்தது. அதைக் காட்ட நாங்களும் அதே தண்ணீரில்தான் நின்றோம். பெரிய சேனல்காரர்களில் சிலர் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்கள். நான் போட்டிருந்தது ரப்பர் செருப்பு, முதல் நாளே வழுக்கியதில் ஒன்று போய்விட்டது. கால் அரிப்பு போக ஜனவரி ஆயிற்று. கேமரா டிரைபாடின் கால் மூன்றிலும் எண்ணெய் ஏறி மடங்காமல் போனதற்கு மட்டும் ஆபீசில் விசாரணை நடந்தது. (காசிமேட்டில் உப்புக்காற்றில் துரு ஏறினாலும் இதே விசாரணைதான், லென்ஸில் கீறல் விழுந்தால் சம்பளத்தில் பிடிப்பு.)

அந்த எண்ணெயே போகாத நிலையில்தான் 26-ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது. உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் வருகிற குழாய். நள்ளிரவு வாக்கில் ஒரு ஆட்டோக்கார நண்பர் போன் பண்ணி "மூச்சு விட முடியல, எல்லாம் ஓடறாங்க" என்றார். நான் கிளம்பிவிட்டேன். ரிப்போர்ட்டருக்குப் போன் போகவில்லை, தனியாகத்தான் போனேன். திருவொற்றியூர் தாண்டியதுமே எதிரில் ஜனம் வருகிறது. நைட்டியோடு, லுங்கியோடு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வயசானவர்களை பைக்கில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு, எல்லோரும் தெற்கே வருகிறார்கள், நான் ஒருத்தன் வடக்கே போகிறேன். ஒரு பாட்டி வண்டியை மறித்து, "எங்கப்பா போற, அங்க போவாத" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். பிரஸ் பாட்டி என்றேன். அவருக்கு அது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை, கையை விடாமல் "போவாதடா" என்றார்.

போனேன். கண்ணில் முதலில் எரிச்சல், அப்புறம் தண்ணீர், வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியவில்லை. கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, ஃபோகஸைத் தோராயமாக வைத்துக்கொண்டு ஓடுகிறவர்களை எடுத்தேன். இருமிக்கொண்டே எடுத்ததால் படம் முழுக்க ஆடியது. அந்த ராத்திரி ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அண்ணன் போன் பண்ணினார். "இன்னா தம்பி, விஷுவல் வந்துடுச்சா?" வந்துடுச்சுண்ணே. "சரி, அங்கயிருந்தே செல்லுல ஒரு லைவ் போட்டு உட்ரு, யூடியூப்ல நல்லாப் போவும்." போட்டேன். என் செல்போன், என் டேட்டா. மாஸ்க் எதுவும் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கும், எனக்கே தோன்றவில்லையே. விடியற்காலையில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நர்ஸ் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "சார், நீங்களும் பேஷன்ட்டா, இல்ல நியூஸா?" என்று கேட்டார். நியூஸ் என்று சொன்னேன். அன்றைக்கு எனக்கு மூச்சில் பெரிதாக ஏதாவது ஆகியிருந்தால் நான் அந்த இடத்தில் வேலையாகத்தான் இருந்தேன் என்பதைக் காட்ட வீட்டில் உள்ளவர்களிடம் என்ன இருந்திருக்கும் என்று பிறகு யோசித்தேன். லோகோ போட்ட மைக் ஒன்று. அதுவும் ஆபீஸ் சொத்து.

கொரோனாவிலும் இதே கதைதான். ராயபுரம் மண்டலம் சென்னையிலேயே மோசமாக இருந்த நாட்களில் நாங்கள் தினமும் சுற்றினோம். நகரத்தில் ஒரு செய்தி சேனலில் மட்டும் இருபது பேருக்கு மேல் தொற்று என்று கேள்விப்பட்ட வாரத்திலும் சுற்றினோம். 2021 மே மாதம் பத்திரிகையாளர்களை முன்களப் பணியாளர்கள் என்று அறிவித்தார்கள், 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் கொடுத்தார்கள். அது அரசு கொடுத்த அட்டையோ பாஸோ வைத்திருந்தவர்களுக்கு. எங்களிடம் இருந்தது அண்ணன் லேமினேட் பண்ணிக் கொடுத்த அட்டை.

நான் கொஞ்சம் யோசிக்க ஆரம்பித்தது போன வருஷம், 2025 ஆகஸ்ட்டில், ரிப்பன் மாளிகை வாசலில். ராயபுரம், திரு.வி.க. நகர் இரண்டு மண்டலங்களின் குப்பை அள்ளுகிற வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பாதி முகம் எனக்குத் தெரிந்த முகம், எங்கள் தெருவில் விசில் ஊதுகிறவர்கள். மாதம் 23,000 கிட்ட வாங்கிக்கொண்டிருந்தோம், தனியார் கம்பெனிக்குப் போனால் 16,000 சொச்சம்தான் என்று சொல்கிறார்கள், பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டுப் புதுசாகச் சேர்ந்த மாதிரி ஆரம்பிக்க முடியுமா என்பது அவர்கள் கேள்வி. ஒரு அக்காவிடம் பைட் (சின்னப் பேட்டி) எடுத்து முடித்து மைக்கைச் சுருட்டும்போது அவர் கேட்டார், "உனுக்கு இன்னா குடுக்கறாங்கோ தம்பி?"

பதினாலரை அக்கா என்றேன்.

"பதினாலாயிரமா? அத்த வாங்கிக்கினா இத்தத் தூக்கினு சுத்தற?" என்று கேமராவைக் காட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "அப்ப நீயும் வா, இப்டி குந்து" என்று கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார் ஒருத்தர்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர்கள் எந்தத் தொகைக்குக் குறைந்துவிடுவோம் என்று பயந்து தெருவில் உட்கார்ந்தார்களோ அதைவிடக் குறைவாக நான் வாங்குகிறேன், வாங்கிக்கொண்டு அவர்கள் பிரச்சனையை நாற்பது செகண்டாக வெட்டி எட்டு மணிக்குப் போடுகிறேன். அவர்களை 13-ஆம் தேதி நள்ளிரவு போலீஸ் தூக்கிக்கொண்டு போனபோதும் நான் எடுத்தேன். அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது, கோர்ட்டில் கேஸ் இருந்தது, கூட உட்கார ஆள் இருந்தது.

சங்கம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் முறையாக அமைத்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படுகிற சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூரில்தான் ஆரம்பித்தது, 1918 ஏப்ரல் 27. பி அண்ட் சி துணி மில் தொழிலாளர்களுக்காக பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் போன்றவர்கள் ஆரம்பித்தது. மத்தியானம் சாப்பிட நேரம் போதவில்லை என்பதும் அன்றைய குறைகளில் ஒன்று. மில்லை மூடியே முப்பது வருஷம் ஆகப்போகிறது. ஒவ்வொரு மே தினத்துக்கும் கொடியேற்றம், திரு.வி.க. படத்துக்கு மாலை என்று நாங்கள் ஸ்டோரி போடுவோம், நானே பல வருஷம் அதற்குக் கேமரா பிடித்திருக்கிறேன். பிடித்துவிட்டு மூன்று மணிக்கு பைக் டேங்க் மேல் வைத்து லெமன் சாதம் சாப்பிடுவேன். சங்கம் என்று ஒன்றை எங்கள் ஆட்களிடம் பேசிப் பார்த்தபோது, பக்கத்து ஏரியா சேனல் பையன்களையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வரைக்கும்தான் போனது. அதில் ஒருத்தன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவன் சேனல் அண்ணனுக்கு அனுப்பிவிட்டான். குரூப் இப்போது குட் மார்னிங் குரூப்பாக ஓடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று படித்தேன். உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் 1955-இல் வந்தது. அப்போது இந்தியாவில் டிவியே கிடையாது, 1959-இல்தான் டெல்லியில் ஆரம்பித்தது, அதனால் சட்டம் முழுக்கச் செய்தித்தாள்தான். நான்கு வாரத்துக்கு 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அதில் இருந்தது. 144 மணி நேரத்தை நாங்கள் இரண்டே வாரத்தில் முடித்துவிடுவோம். மஜீதியா ஊதியக் குழு, 2011-இல் அறிவித்து 2014-இல் உச்ச நீதிமன்றம் சரி என்று சொன்னது, அதுவும் பத்திரிகைக்கும் செய்தி நிறுவனங்களுக்கும்தான். ஐம்பது அறுபது வருஷமாக டிவிக்காரன் சட்டத்தின் கண்ணில் படவே இல்லை. இப்போது 2025 நவம்பர் 21-ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. அவற்றில் முதலாளிக்குச் சாதகமானது நிறைய இருக்கிறது என்று சங்கங்கள் சண்டை போடுகின்றன, அந்தச் சண்டை நியாயமானதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் எங்களைப் பொறுத்தவரை இரண்டு விஷயம் புதுசு. உழைக்கும் பத்திரிகையாளர் என்பதில் மின்னணு ஊடகமும் டிஜிட்டல் ஊடகமும் சேர்ந்துவிட்டன. வேலைக்கு வைத்தால் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். உழைக்கும் பத்திரிகையாளர் யார் யார் என்று சொல்கிற பட்டியலில் 'நியூஸ் போட்டோகிராபர்' என்று இருக்கிறது, வீடியோ எடுக்கிறவனும் அதில் சேர்த்தி என்றுதான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதை எடுத்துக்கொண்டு நாங்கள் ஐந்து பேர் அண்ணனிடம் போனோம். செய்தி வாசிக்கிற தங்கச்சியும் வந்தார், உண்மையில் அவர்தான் முதலில் பேசினார். சண்டை வரும் என்று நினைத்துப் போனோம். அண்ணன் டீ சொன்னார், பொறுமையாகக் கேட்டார், "லெட்டர்தான வேணும்? டைப் பண்ணி எடுத்துக்கினு வாங்க, கையெழுத்துப் போடறேன்" என்றார். எங்களுக்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே புரியவில்லை.

டைப் பண்ண உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. பெயர், பதவி, சம்பளம் எல்லாம் போட்டாகிவிட்டது, பணியில் சேர்ந்த தேதி என்ன போடுவது? எங்கள் எடிட்டர் 2006-இல், டேப்பில் எடுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே சேர்ந்தவர். நான் 2011. ஆடிட்டரைக் கேட்டால், கம்பெனியைப் பதிவு பண்ணியதே 2023-இல், அதற்கு முன்னால் சேர்ந்ததாக எப்படிப் போட முடியும் என்கிறார். கேபிள்காரர்கள் நடத்துகிற உள்ளூர் சேனலில் செய்தி போட வேண்டுமென்றால் கம்பெனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2022 நவம்பரில் மத்திய அரசு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. ஒரு சேனலுக்கு ஆயிரம் ரூபாய் கட்டணம், ஒளிபரப்பியதைத் தொண்ணூறு நாள் சேமித்து வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அதற்காக அண்ணன் கம்பெனி ஆரம்பித்தார். அதுவரை நாங்கள் வேலை பார்த்தது யாரிடம் என்று கேட்டால் அண்ணனிடம், அவ்வளவுதான். தொண்ணூறு நாள் செய்தி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும், பன்னிரண்டு வருஷ வேலை எங்கேயும் இல்லை.

தேதியில் என்ன இருக்கிறது என்று எங்களில் இரண்டு பேர் கேட்டார்கள், கிடைத்த வரைக்கும் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். சேர்ந்த தேதியை வைத்துத்தான் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கிற பணிக்கொடை, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். மாதத்துக்கு 26 வேலை நாள் என்ற கணக்கில் என் சம்பளத்தை 26-ஆல் வகுத்துப் பதினைந்தால் பெருக்கினால் எட்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம். 2011-இலிருந்து 2023 வரை பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். எனக்கு அது பெரிய பணம். எடிட்டருக்கு இன்னும் அதிகம், அவர் பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்.

அதனால் ஆளுக்கு ஒரு சாட்சி தேடிக்கொண்டிருக்கிறோம். எடிட்டர் 2008-இல் எடுத்த ஒரு ஆடித் திருவிழா டேப்பைக் கண்டுபிடித்திருக்கிறார், கடைசியில் அவர் பெயர் ஓடுகிறது, போட்டுப் பார்க்க பிளேயர்தான் கிடைக்கவில்லை. என்னிடம் 2013-லிருந்து சில வவுச்சர்களின் ஜெராக்ஸ் இருக்கிறது, வண்டி லோனுக்காக எடுத்தது. அதில் பெட்ரோல் என்றுதான் இருக்கிறது, ஆனால் என் பெயரும் அண்ணன் கையெழுத்தும் தேதியும் இருக்கின்றன. நண்பரின் நண்பர் ஒரு வக்கீல், மாதாமாதம் ஒரே தொகையாக இருந்தால் பேசிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். என் லெட்டரில் 2011 என்றே டைப் பண்ணிவிட்டேன். அடுத்த வாரம் அண்ணன் ஊரிலிருந்து வந்ததும் கொண்டுபோய் வைக்கப் போகிறேன். என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.